ஆடு மாடுகளும் யதார்த்தச் சிற்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களிமண்ணில் உருவம் பிடிக்கக் கற்பவர்கள் மனித முகத்தை ஒருவாறு முடித்துவிட்டு மாட்டுக்கு வரும்போது, ஆண்டுதோறும் ஏறத்தாழ இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கண்காட்சிகளுக்கு உடன் வரும் நண்பர்களின் ஐயங்களும் இவையே. வாயால் சொல்லிச் சலித்ததால் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

யதார்த்தச் சிற்பம் என்றால் நிஜ மாடு மாதிரியே இருக்க வேண்டும், அவ்வளவுதானே?

பாதி சரி. மாடு உலகெங்கும் மிகப் பழங்காலத்திலிருந்தே சிற்பத்தில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் தெய்வத்தின் ஊர்தியாகவோ, பலிப்பொருளாகவோ, செல்வத்தின் அடையாளமாகவோ இருக்கிறது. யதார்த்தச் சிற்பி செய்வது வேறு. மாட்டை மாடாகவே, அதன் எடை, வயது, வேலை, களைப்பு ஆகியவற்றோடு, வேறெதற்கும் குறியீடாக்காமல் முன்வைக்கிறார்.

‘மாதிரியே’ என்பதற்கு ஒவ்வொரு மயிரையும் கீறிக் காட்டுவது என்று பொருள் கொள்ள வேண்டாம். மேற்பரப்பு வழவழப்பாக இருந்தும் உயிரோடு நிற்கும் மாடுகள் உண்டு. மயிர் மயிராகக் கீறியும் பஞ்சு அடைத்த பொம்மையாகவே நிற்கும் மாடுகளும் உண்டு. பார்க்க வேண்டியது எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதைத்தான்.

சிங்கம், புலி செய்தவர்கள்தானே பெயர் வாங்கினார்கள்? ஆட்டையும் மாட்டையும் யார் மதித்தார்கள்?

தொடக்கத்தில் இரு சாராரையுமே பெரிதாக மதிக்கவில்லை. பிரெஞ்சுக் கலைக்கழகத்தின் தரவரிசையில் புராண, வரலாற்றுக் காட்சிகள் உச்சியில் இருந்தன. விலங்குகள் மிகவும் கீழே. பொற்கொல்லரிடம் தொழில் பழகிய அந்த்வான்-லூயி பாரீ (1795-1875), பாரிசின் தாவரவியல் தோட்டத்தை ஒட்டிய விலங்கினக் காட்சிச்சாலையில் பல ஆண்டுகள் வரைந்து பழகி, 1831-ஆம் ஆண்டுக் கண்காட்சியில் முதலையினத்தைச் சேர்ந்த கரியலைப் புலி கடித்து உண்ணும் சிற்பத்தை வைத்தார். அவரையும் அவர் வழியில் வந்தவர்களையும் ‘அனிமாலியே’, அதாவது ‘விலங்குக்காரர்கள்’, என்று விமர்சகர்கள் இளக்காரமாக அழைத்தார்கள். பிற்பாடு அந்தப் பெயரே அவர்களுக்கு நிலைத்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில் பியேர் ஜூல் மேன் (1810-1879), இசிதோர் பொனேர் (1827-1901) போன்றவர்கள் குதிரை, பசு, ஆடு, காளை என்று தொழுவத்தின் பக்கமும் திரும்பினார்கள். என் கருத்தில் இவர்கள் எடுத்துக்கொண்டதுதான் கடினமான வேலை. அன்றைய பாரிஸ்வாசிகளில் புலியின் தோள்பட்டை எலும்பு எங்கே இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? பசுவின் இடுப்பெலும்பு ஒரு விரல் தள்ளிப்போயிருந்தாலும், பால் வாங்க வந்தவர்கூடக் குறை சொல்லிவிடுவார்.

இதையெல்லாம் பிரெஞ்சுக்காரர்கள்தான் தொடங்கினார்களா?

இல்லை. கிரேக்கச் சிற்பி மைரன் பொ.ஆ.மு. 5-ஆம் நூற்றாண்டில் செய்த வெண்கலப் பசு ஏதென்ஸ் நகரில் நின்றது. கன்று பால் குடிக்க வந்ததாகவும், மேய்ப்பவன் மந்தையை விட்டு விலகிய மாடு என்று எண்ணிக் கல்லெறிந்ததாகவும் அதைப் பற்றி முப்பதுக்கு மேற்பட்ட சிறு கவிதைகள் கிடைத்திருக்கின்றன. பசுதான் கிடைக்கவில்லை. வடபிரான்சின் லாவோன் நகரப் பேராலயக் கோபுரங்களின் உச்சியிலிருந்து கல் எருதுகள் எட்டிப் பார்க்கின்றன. கட்டடத்துக்குக் கல் சுமந்து மேடேறிய எருதுகளின் நினைவாக அவை வைக்கப்பட்டன என்பது ஊர் வழக்கு.

ஆனால் பண்ணை விலங்கை அளந்து, இனம் பிரித்து, தனிப்பொருளாகச் சிற்பத்துக்குள் கொண்டுவந்ததில் இங்கிலாந்து முந்திக்கொண்டது. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

மாட்டுப் பொம்மைக்காக ஒரு சட்டமே வந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஜார்ஜ் கரார்ட் (1760-1826) என்ற ஆங்கில ஓவியர் சிற்பத்துக்குத் திரும்பி, அப்போது புதிதாக மேம்படுத்தப்பட்டுவந்த மாடு, ஆடு, பன்றி இனங்களை அளவெடுத்து, ஒரே விகிதத்தில் சிறிதாக்கி, பிளாஸ்டரில் வார்த்தார். வேளாண்மையில் ஆர்வம் கொண்ட பெருநிலக்கிழார்கள் அவரை ஆதரித்தார்கள். அந்த உருவங்களுக்கு நடைமுறைப் பயன் ஒன்று இருந்தது. தொலைவிலுள்ள பண்ணையார் ஒருவர் ஓர் இனத்தின் காளை எவ்வளவு நீளம், முதுகு எவ்வளவு அகலம் என்பதைப் படத்தில் கண்டு ஏமாறாமல், கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

பிளாஸ்டர் வார்ப்பில் ஒரு தொல்லை உண்டு. ஒன்றை விலைக்கு வாங்கியவர் அதிலிருந்தே அச்செடுத்து நூறு செய்துவிடலாம். தம் உழைப்பு இப்படிக் களவு போவதைக் கண்ட கரார்ட் பாதுகாப்புக் கோரி முன்னின்று முயன்றார். 1798-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் புதிய சிற்ப மாதிரிகளுக்கு 14 ஆண்டு உரிமை தரும் சட்டத்தை இயற்றியது. மனித உருவத்தோடு விலங்கின் உருவம், விலங்கின் தலை, விலங்கின் எந்தப் பாகம் என்றெல்லாம் அச்சட்டம் தனித்தனியே எடுத்துச் சொல்கிறது. பிரிட்டனில் சிற்பத்துக்கென வந்த முதல் பதிப்புரிமைச் சட்டத்துக்குப் பின்னால் மாடுகள் இருந்தன என்பதை வழக்குரைஞர்களிடம் சொன்னால் பெரும்பாலும் சிரிக்கிறார்கள்.

ரோசா பொனேர் ஓவியர் ஆயிற்றே, அவரை ஏன் சிற்பத்தில் சேர்க்கிறீர்கள்?

அவர் (1822-1899) புகழ்பெற்றது ஓவியத்தால்தான். நிவெர்னே பகுதியில் எருதுகள் உழும் 1849-ஆம் ஆண்டு ஓவியமும், இப்போது நியூயார்க்கிலுள்ள குதிரைச் சந்தை ஓவியமும் பலர் அறிந்தவை. ஆனால் இளமையில் அவர் களிமண்ணிலும் வேலை செய்தார். நிற்கும் காளை, படுத்திருக்கும் காளை, ஆடு என்று சில சிறு வெண்கலங்கள் அவர் பெயரில் உள்ளன. இசிதோர் அவருடைய தம்பி. தம்பியின் தொழிலுக்குப் போட்டியாக நிற்க வேண்டாம் என்று சிற்பத்தைக் குறைத்துக்கொண்டார் என்று சொல்வதுண்டு.

அவர் செய்தவற்றில் நான் மாணவர்களுக்கு முதலில் காட்டுவது மயிர் கத்தரித்த செம்மறியாட்டை. கம்பளி இருக்கும்வரை செம்மறி என்பது நான்கு குச்சிகளின் மேல் வைத்த மூட்டை. உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. கத்தரித்தவுடன் விலா, முதுகெலும்பின் முடிச்சுகள், இடுப்பின் இரு முனைகள், கழுத்தின் மெலிவு எல்லாம் வெளியே வருகின்றன, சற்றே வெட்கப்பட்டு நிற்பதுபோல. மறைந்திருக்கும் உடலைக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் இருப்பவர்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுப்பார்.

மாடு செய்யக் கசாப்புக்கூடத்துக்குப் போகத்தான் வேண்டுமா? எனக்கு மனம் வரவில்லை.

ரோசா பொனேர் போனார். கசாப்புக்கூடங்களிலும் குதிரைச் சந்தைகளிலும் நீள்பாவாடையோடு நடமாடுவது இயலாமல், ஆண்களைப்போல் காற்சட்டை அணிவதற்குக் காவல் துறையிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றிருந்தார். 1857-ஆம் ஆண்டு அனுமதிச்சீட்டு ஒன்று இன்றும் இருக்கிறது. அக்காலத்தில் தோலுக்கு அடியில் உள்ளதை அறிய வேறு வழி குறைவு.

இன்று உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறு அருங்காட்சியகங்களில் முழு எலும்புக்கூடு இருக்கும். அனுமதி வாங்கி இரண்டு நாள் வரைந்தால் போதும். அதன் பின் உயிருள்ள மாட்டைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். தோளெலும்பு தோலுக்கு அடியில் நழுவுவதைக் கண்ணைவிடக் கை விரைவில் கற்றுக்கொள்கிறது.

நான் செய்த மாட்டைப் பார்த்து எங்கள் ஊரில் சிரித்தார்கள். எங்கே தவறு என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. எங்கே பார்ப்பது?

சிரித்தவர்களை மதியுங்கள்; அவர்கள் கண் சரியாகத்தான் இருக்கிறது. முதலில் பின்னங்காலைப் பாருங்கள். பின்பக்கமாக மடங்கும் அந்த மூட்டினை முழங்கால் என்று நினைத்துச் செய்பவர்கள் பலர். அது கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றின் ஓரத்தில், தோலோடு ஒட்டிக் கிடக்கிறது. அதை விட்டுவிட்டால் தொடை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சதைப்பாளம் வந்துவிடும்.

அடுத்து, எழும் பாங்கு. மாடும் ஆடும் எழும்போது பின்பக்கத்தை முதலில் தூக்கும். ஒரு கணம் முன்முழங்காலில் மண்டியிட்டுப் பின்புறம் மட்டும் உயர்ந்து நிற்கும். குதிரை இதற்கு நேர்மாறாக முன்கால்களை நீட்டி முன்பக்கத்தை முதலில் தூக்கும். குதிரைப் படத்தைப் பார்த்து மாட்டை எழுப்பியவர்கள் உண்டு. நானும் ஒருமுறை செய்து, பால் ஊற்ற வந்தவரிடம் பிடிபட்டேன். ‘இது எழுந்திருக்கலீங்க, விழுவுது’ என்றார் அவர்.

மற்றொன்று, இனம். ஐரோப்பிய மாட்டுக்குத் திமில் இல்லை, முதுகு ஏறத்தாழ நேராகப் போகும். நம் நாட்டு மாட்டுக்குத் திமில் உண்டு, அலைதாடி தொங்கும், பிட்டம் சரியும். மேலைநாட்டுச் சிற்பப் புத்தகத்திலிருந்து முதுகை எடுத்து, அதன்மேல் திமிலை ஒட்டவைத்தால் அது தொப்பி போட்டதுபோலத்தான் இருக்கும். திமில் ஒட்டுவதல்ல, கழுத்தின் கோடே அதை நோக்கி ஏறிவர வேண்டும்.

மயிரையும் கம்பளியையும் எப்படிக் காட்டுவது?

திசையால். மாட்டின் மயிர் உடலோடு படிந்து கிடக்கும். அது திசை மாறும் இடங்களில் சுழி விழும். மாடு வாங்குபவர்கள் சுழி பார்ப்பதால் அதன் இடம் நம்மவர்களுக்கு அத்துப்படி. நெற்றிச் சுழியைச் சரியான இடத்தில் வைத்துவிட்டு மற்ற இடங்களை வெறுமையாக விட்டாலும் கண் நிறைவடையும். கம்பளியைப் பொறுத்தவரை, சுருள் சுருளாக உருட்டி ஒட்டாமல் பெரிய கட்டிகளாகப் பிரித்து, கட்டிகளுக்கு இடையே நிழல் விழும் பள்ளம் வைத்தால் போதும்.

கல்லில் செய்த காளைகள் படுத்தே இருக்கின்றன, வெண்கலக் காளைகள் நிற்கின்றன. ஏன்?

எப்போதும் அப்படியல்ல, ஆனால் காரணம் இருக்கிறது. காளையின் உடல் பீப்பாய், கால்களோ மெல்லியவை. கல் தன் எடையை மெல்லிய காலில் தாங்காது, ஒரு தட்டில் முறிந்துவிடும். ஆகவே கல்லில் நிற்கும் விலங்குக்கு வயிற்றின் அடியில் அடிமரத்தண்டோ, பாறையோ வைத்து முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. படுக்கவைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. சமயக் காரணங்கள் வேறு உண்டு, அவற்றை நான் மறுக்கவில்லை. வெண்கலத்தை உள்ளே பொள்ளலாக வார்க்கலாம், உலோகத்துக்கு இழுவலிமையும் உண்டு. நான்கு குளம்பிலும் நின்றுவிடும்.

களிமண்ணிலும் இதே சிக்கல்தான். மாட்டுக்கு உள்கம்பியைக் கால்கள் வழியாகக் கொண்டுவந்தால் ஈரக் களிமண்ணின் எடையில் கால் வளைந்துவிடும். ஆகவே வெளியே நட்ட இரும்புத் தண்டு ஒன்றை வளைத்து வயிற்றுக்குள் செருகி, உடலை அதில் தொங்கவிட்டு, கால்களைக் கடைசியில் செய்கிறோம். கால்கள் அதுவரை எதையும் தாங்குவதில்லை.

மாமல்லபுரத்துப் பால் கறக்கும் காட்சி யதார்த்தச் சிற்பம்தானா?

கிருஷ்ண மண்டபத்தில் கோவர்த்தன மலையைக் கண்ணன் தூக்கி நிற்கும் பெரிய புடைப்புச் சிற்பத்தில், ஆயன் ஒருவன் குந்தியமர்ந்து பால் கறக்கிறான்; பசு குனிந்து தன் கன்றை நக்குகிறது. 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. கதை புராணக் கதை. அதைச் செய்தவர்களுக்கு யதார்த்தவாதம் என்ற கொள்கை கிடையாது. எனவே முதல் பதிலில் சொன்ன கண்டிப்பான பொருளில், இல்லை.

ஆனால் அந்த நாக்கையும் கன்றையும் கவனியுங்கள். கன்று அருகில் இருந்து, அதை நக்கிக்கொண்டிருந்தால்தான் நாட்டு மாடு மடி சுரக்கும். கன்றை விலக்கினால் பாலை அடக்கிக்கொள்ளும். சிற்பி செதுக்கியிருப்பது தாய்ப்பாசம் மட்டுமல்ல, கறவையின் வேலை முறையும்தான். தொழுவத்தில் விடியலில் நின்றவருக்கே இது தெரியும். கொள்கை பின்னால் வந்தது, கண் முன்னாலேயே இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்படியானால் நந்தி?

நந்தி தெய்வத்தின் ஊர்தி. அளவும் அணியும் சிற்ப நூல் மரபுப்படி அமைபவை. மணிமாலையை மனத்தால் கழற்றிவிட்டுப் பார்த்தால் கால் மடங்கிய விதத்திலும் அலைதாடியின் மடிப்பிலும் உற்றுநோக்கல் தெரியும், ஆனால் நோக்கம் வேறு. இதையொட்டி ஒரு பக்கக் குறிப்பு: தஞ்சைக் கலைக்கூடத்திலுள்ள திருவெண்காட்டு ரிஷபவாகனர், 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சோழர் வெண்கலம், இடையை ஒசித்துக் கையை ஒன்றின்மேல் ஊன்றியிருக்கிறார். ஊன்றியிருந்த காளை இப்போது இல்லை. கையின் உயரத்தையும் உடலின் சாய்வையும் கொண்டு அந்தக் காளையை வரைந்து பார்ப்பது நான் மாணவர்களுக்குத் தரும் பயிற்சிகளில் ஒன்று.

உயிருள்ள மாட்டின் மேலேயே அச்செடுத்து வார்த்துவிட்டால்? அதைவிட யதார்த்தம் உண்டா?

முதலில் நடைமுறை. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். மாடு நிற்காது, நிற்கவைக்கவும் கூடாது. இறந்த உடலில் எடுத்தால் தசை தளர்ந்து தொங்கும், மயிர் அப்பிக்கொள்ளும். கிடைப்பது பிணத்தின் உருவமாகவே இருக்கும். 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பதுவா நகர வார்ப்பாளர்கள் நண்டு, தேரை போன்ற சிற்றுயிர்களை நேரடியாக வார்த்தார்கள். மேலோடும் தடித்த தோலும் உள்ளவற்றுக்கு அது ஒத்துவந்தது.

சிற்பிகளிடையே இது மானப் பிரச்சினையும்கூட. பாரீயிடம் இளமையில் பாடம் கேட்ட பிரெஞ்சுச் சிற்பி ரொதேன், 1877-இல் ஒரு மனிதச் சிலையை ஆள்மேல் அச்செடுத்தே செய்தார் என்ற பழிக்கு ஆளாகி, அதைப் போக்கப் பெரும்பாடுபட்டார். அச்சு ஒரு கணத்தைத்தான் எடுக்கும். ஒரு பசுவைப் பத்து நாள் பார்த்தவர் அந்தப் பத்து நாளையும் ஒரே நிலைக்குள் சேர்க்கிறார்.

பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் நிஜப் பசுவையே வைத்தாரே?

1993-இல் பசுவையும் கன்றையும் நெடுக்காகப் பிளந்து, உடல் அழுகாமல் காக்கும் ஃபார்மால்டிஹைடு கரைசல் நிறைந்த கண்ணாடித் தொட்டிகளில் வைத்தார். பார்வையாளர்கள் இரு பாதிகளுக்கு நடுவே நடந்து போனார்கள். அங்கே பொருள் இருக்கிறது, உருவாக்கம் இல்லை. ஆகவே நம் தலைப்புக்குள் அது வராது. கலையா இல்லையா என்பது வேறு வழக்கு, அதை இங்கே எடுக்கவில்லை.

பரிசு பெற்ற மாட்டைச் செய்தால் அது யதார்த்தமா, விளம்பரமா?

நல்ல கேள்வி, எளிதில் தீராதது. கரார்ட் காலத்து இங்கிலாந்தில் பண்ணையார்கள் தங்கள் மாட்டை உள்ளதைவிடக் கொழுத்ததாக, சதுரப் பெட்டிபோன்ற உடலும் சிறு தலையுமாக வரையச் சொன்னார்கள். மரச்செதுக்குக் கலைஞர் தாமஸ் பியூவிக், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொழுப்பைச் சேர்க்கச் சொன்னதற்குத் தாம் உடன்படாததைத் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அளவெடுத்துச் செய்த சிற்பம் அந்தப் பொய்க்கு எதிராக நின்றது என்பது கரார்டுக்குப் பெருமை.

பிறகு 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சிற்பி ஹெர்பர்ட் ஹேசல்டைன் பிரிட்டிஷ் வேளாண் கண்காட்சிகளில் வென்ற காளை, பன்றி, ஆடு, குதிரைகளைத் தொடர்வரிசையாகச் செய்தார். ஒரு தொகுதி சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அருமையான வேலை, ஆனால் எல்லாமே உச்சத்தில் நிற்கும் விலங்குகள், எல்லாமே மெருகேற்றியவை. எனக்குப் பிடித்தது பெல்ஜியத்தின் கான்ஸ்டன்டின் மெனியே 1890-இல் செய்த சுரங்கத்து முதிய குதிரை. அது பண்ணைக் குதிரையல்ல, உழைக்கும் குதிரை. ஆனாலும் தலை தாழ்ந்து, எலும்பு துருத்தி நிற்கும் அதன் முன் பரிசுச் சீட்டை எங்கே கட்டுவது என்றே தோன்றாது.

பழைய வெண்கல ஆடு ஒன்று விலைக்கு வருகிறது, ‘மேன்’ என்று கையெழுத்து இருக்கிறது. அசலா?

கையெழுத்தை நம்ப வேண்டாம். வார்ப்பிலிருந்து அச்செடுத்தால் கையெழுத்தும் சேர்ந்தே வரும். இந்தச் சிற்பிகள் மேசையில் வைக்கும் அளவில், பல படிகள் விற்பதற்காகவே செய்தவர்கள். மேன் தாமே வார்ப்புப் பட்டறை வைத்திருந்தார். பாரீ 1848-இல் கடனில் மூழ்கியபின் அவருடைய மாதிரிகள் பல ஆண்டுகள் பிறர் கையில் இருந்தன. எனவே ‘அசல்’ என்பதிலேயே பல படிநிலைகள் உண்டு.

அளவுகோல் ஓரளவு உதவும். வெண்கலம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சுருங்கும். அருங்காட்சியகப் படியின் உயரத்தோடு ஒப்பிடும்போது உங்கள் ஆடு சில மில்லிமீட்டர் குட்டையாகவும், மயிர்க் கீறல்கள் சோப்பு தேய்ந்ததுபோல மழுங்கியும் இருந்தால், அது வார்ப்பிலிருந்து எடுத்த வார்ப்பு. கரார்ட் கவலைப்பட்டது இதைத்தான்.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

பாரிசில் ஓர்சே அருங்காட்சியக முற்றத்தில் 1878-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக வார்த்த பெரிய இரும்பு விலங்குகள் நிற்கின்றன. பரம்புப் பலகையோடு இருக்கும் ரூயாரின் உழவுக் குதிரை, ஒரு காண்டாமிருகம், பொறியில் சிக்கிய யானைக் குட்டி. நான்காவதான ஒகுஸ்த் கேனின் எருது அங்கே இல்லை. தெற்கே நீம் நகரில் நிற்கிறது. கோபன்ஹேகனில் ஆண்டர்ஸ் புண்ட்கார்ட் செய்து 1908-இல் திறக்கப்பட்ட கேஃபியோன் நீரூற்றில் நான்கு எருதுகள் ஏரிழுக்கின்றன. கதை தொன்மக் கதை, கழுத்தின் இழுப்போ கண்ணால் கண்டது. சியாட்டில் சந்தையில் ஜார்ஜியா கெர்பரின் ‘ரேச்சல்’ என்ற வெண்கலப் பன்றி 1986 முதல் உண்டியலாக உட்கார்ந்திருக்கிறது. அதே பெயருள்ள உண்மைப் பன்றியைப் பார்த்துச் செய்தது.

பார்க்க முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஃபோன்தென்புளோ ஊரில் ரோசா பொனேருக்கு எழுப்பிய நினைவுச்சின்னத்தின் உச்சியில், அவர் சிறிதாகச் செய்திருந்த காளையைப் பெரிதாக்கி நிறுத்தியிருந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது உலோகத்துக்காக அதை இறக்கி உருக்கிவிட்டார்கள்.

நான் நகரத்தில் வளர்ந்தவன். மாடே வளர்க்காதவன் மாடு செய்யலாமா?

டென்மார்க்கின் ஆன் மரீ கார்ல்-நீல்சன் (1863-1945) பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். 1889-ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருக்குப் பதக்கம் வாங்கித் தந்தவை கன்றுகள். பாரீயும் ரோசா பொனேரும் நகரத்தில் பழகியவர்கள். இரண்டு வழியும் திறந்தே இருக்கிறது. நகரத்தவருக்கு நேரம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

நகரத்திலும் கறவை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அதிகாலையில், கறவைக்கு அரை மணி முன்பே, அவர்கள் அனுமதியோடு போய் ஓரமாக உட்காருங்கள். முதல் மூன்று நாள் களிமண் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். மாடு படுப்பதையும் எழுவதையும், ஒரு பின்காலைத் தளர்த்தி மறு இடுப்பில் எடையைச் சாய்ப்பதையும், அசைபோடும்போது கீழ்த்தாடை பக்கவாட்டில் போய் வருவதையும் பாருங்கள். நான்காம் நாள் ஒரு கைப்பிடிக் களிமண் கொண்டுபோங்கள். செய்ததை வீட்டுக்கு எடுத்துவருவதற்கு முன் கறப்பவரிடம் காட்டுங்கள்; இது எங்கள் மாடா, பக்கத்து வீட்டு மாடா என்று அவர் கேட்டால் அடுத்த அளவுக்குப் போகலாம்.